ஓடையில் எடுத்த ஆறு கற்கள்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் இரும்பு வார்க்கும் பக்டரி ஒன்றில் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் தோள் இரண்டும் கழன்ற மாதிரி இருக்கும். சனிக்கிழமை படுத்தே கிடப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் வேலையை மேற்பார்க்கும் போர்மனோடு மேடு ஏறப் போவேன். விருப்பத்தில் போனேன் என்று சொல்ல மாட்டேன்.

போர்மன் ஸ்கொட்லாந்துக்காரர். ஐம்பது தாண்டியவர். அவருடைய ஊரில், மரமில்லாத மேட்டுவெளிகளில், ஆதிகாலச் சனங்கள் செத்தவர்களைப் புதைத்து மேலே கல்லைக் குவித்து வைத்திருக்கிறார்களாம். சின்ன வயதில் அவற்றைத் தேடி நடந்தவர். இங்கே வந்தும் அது விடவில்லை. அவரைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். மேற்கே இரண்டு மணித்தியாலம் காரில் போய், கறுப்புக் கல்லும் புல்லும் காற்றும் மட்டும் உள்ள வெளியில் நடப்பார்கள். அங்கே ஒரு மேட்டின் உச்சியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கற்குவியல் இருந்தது. அது இந்த நாட்டு ஆதிவாசிகளின் பழைய புதைகுழி என்று போர்மன் நம்பினார். அதையே திரும்பத் திரும்பப் பார்க்கப் போனார்கள்.

நான் போனது ஒரு பேப்பருக்காக. கலியாணம் முடித்து நாலாம் மாதம் கப்பலேறியவன் நான். மனிசி மூன்று வருசமாக யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு, எனக்கு நிரந்தர வேலை என்று போர்மன் கையெழுத்து வைக்க வேண்டும். பேப்பரோடு போய்க் கேட்டேன்.

"பாப்பம், மேட். ஞாயிறு எங்களோடை நடக்க வா. சாப்பாட்டுப் பை தூக்க ஒரு ஆள் வேணும்," என்றார். மேட் என்றால் கூட்டாளி, அங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னது இங்கிலிசில். எனக்குத் தமிழில்தான் ஞாபகம்.

அந்தக் கிழமைதான் ஊரில் என் தகப்பன், ஐயா, செத்ததாகத் தந்தி வந்தது. செத்து மூன்றாம் நாள் என் கைக்கு வந்தது. மூத்தவன் நான். கொள்ளி வைத்தது தம்பி. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்ததும் தம்பி.

என்னோடு அறையில் இருந்தவர் சாவகச்சேரி ஆள். அதே பக்டரிதான். செத்தவீட்டுத் துடக்கோடு அந்த மேட்டுக்குப் போகலாமா என்று அவரைக் கேட்டேன்.

"நீ என்ன கோயிலுக்கே போறாய்? சுடலைக்குத்தானே. அங்கை துடக்குப் பாக்க ஆர் இருக்கினம்?" என்றார்.

போனேன். மேட்டின் அடியில் ஒரு சின்ன ஓடை. கார்களை அதன் கரையில்தான் விடுவது. முதல் நாள் போர்மன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார், "எங்கடை ஊரிலை செத்தவையிட்டை வெறுங்கையோடை ஏறுறேல்லை. அடியிலை ஒரு கல்லு எடுத்துக்கொண்டு போய் மேலை வைக்கவேணும்."

எல்லாரும் சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு கல் எடுத்தார்கள். பாதி வழியில் போட்டுவிட்டார்கள். உச்சிக்குப் போனதும் காலடியில் கிடந்த கறுப்புக் கல்லைத் தூக்கி வைத்தார்கள். அடுத்த மாதம் அதுவும் இல்லை.

நான் ஓடைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைக் கல் எடுத்தேன். உருண்டை, வழுவழுப்பு. முதுகில் பை. சுடுதண்ணிப் போத்தல் எலும்பில் இடிக்கும். நான்தான் கடைசி. நான் ஏறி முடியும் நேரம் மற்றவர்கள் காற்றுக்கு மறைவாக அந்தப் பக்கம் போய் இருந்திருப்பார்கள். கல்லை உருளாதபடி இடுக்கில் வைத்து, ஐயாவை நினைத்துவிட்டு, பையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்படி ஆறு மாதம். ஆறு கல். கையெழுத்து மட்டும் வரவில்லை. கேட்டால், "பாப்பம், மேட்."

ஏழாம் முறை போர்மன் அளவு நாடா கொண்டு வந்தார். குவியலைச் சுற்றி அளந்து கொப்பியில் படம் கீறினார். நான் ஏறி வரும்போது அவர் முழங்காலில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இஞ்சை பாருங்கோ. ஓடைக் கல்லு. ஆறு கல்லு. இந்த மேட்டிலை இப்பிடிக் கல்லே இல்லை. ஆரோ கீழையிருந்து சுமந்து கொண்டந்திருக்கினம். தங்கடை செத்த ஆளுக்காக."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. காலம் மட்டும்தான் பிழை.

ஏழாவது கல் என் கையில் இருந்தது. பின்னால் புல்லுக்குள் மெல்ல விட்டேன். அடுத்த ஞாயிறு, பழைய சாமான்களை ஆராயும் நூதனசாலை ஆள் ஒருவரைக் கூட்டி வரப்போவதாகப் போர்மன் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

அறையில் வந்து சாவகச்சேரி ஆளுக்குச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையால் விழப் பார்த்தார்.

"ஐயாவை ஆதிவாசி ஆக்கிப்போட்டியே. பேசாமல் வாயைப் பொத்திக்கொண்டு இரு. நாளைக்குப் பேப்பரை நீட்டு. மனுசன் இருக்கிற சந்தோசத்திலை பத்துக் கையெழுத்து வைப்பான். பிறகு சொல்லு."

புத்தியான கதைதான். திங்கட்கிழமை பேப்பரைக் கொண்டுபோனேன். போர்மன் தேத்தண்ணியோடு விசிலடித்துக்கொண்டு இருந்தார். நீட்டியிருந்தால் வைத்திருப்பார். நூதனசாலை ஆளுக்கு முன்னால் அவர் நிற்கப்போகிற நிலையை நினைத்தேன். பேப்பரை எடுக்கவில்லை.

"அந்தக் கல்லுகள் நான் வைச்சது," என்றேன்.

"எது?"

"ஆறும்."

விசில் நின்றது. "ஏன் நேற்றைக்குச் சொல்லேல்லை?"

"நேற்று எல்லாரும் நிண்டவை."

கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "ஆருக்கு வைச்சனி?"

"ஐயாவுக்கு. நான் செத்தவீட்டுக்குப் போகேல்லை."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்தக் கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பேப்பர் என் சாப்பாட்டுப் பைக்குள் மடிந்து கிடந்து எண்ணெய் பிடித்தது. மனிசியின் கடிதம் ஒன்று வந்தது. பேப்பர் என்ன மாதிரி என்று கேட்டிருந்தாள். பதில் எழுதவில்லை.

ஞாயிறு காலை வாசலில் ஹோர்ன் கேட்டது. போர்மன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர், நூதனசாலை ஆள். வேறு ஒருவரும் வரவில்லை. இரண்டு மணித்தியாலம் பின் சீட்டில் இருந்தேன்.

உச்சியில் போர்மன் என்னைக் காட்டி, "இவன் சொல்லுவான்," என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். அந்த ஆள் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"நீங்கள் புதிசா வைச்சதை எடுங்கோ. மற்றதிலை கை வைக்க வேண்டாம். இது என்னெண்டு எனக்கும் தெரியாது. இந்த நிலத்தின்ரை சனம் இப்பவும் இருக்கினம். அவையிட்டைக் கேட்டனீங்களோ?"

"இல்லை," என்றார் போர்மன். இத்தனை மாதம் நடந்திருக்கிறோம். அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறு கல்லையும் நானே எடுத்தேன். எது எங்கே என்று எனக்குத் தெரியும். மூன்றைப் போர்மன் கேட்காமலே வாங்கித் தன் கோட்டுப் பைகளில் போட்டார். கோட்டு கீழே தொங்கியது. இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நூதனசாலை ஆள் முன்னால் போய்விட்டார்.

ஓடைக்கரையில், "இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"எங்கடை ஆக்கள் தண்ணியிலை விடுவினம்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. என்னிடமிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விட்டேன். அவர் குனிந்து மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் தந்தார். புகைக்கிற பைப்பை வாயில் வைத்திருந்தார். பற்ற வைக்கவில்லை.

கரைக்கு வந்ததும், "அந்தப் பேப்பர் எங்கை?" என்றார்.

பையிலிருந்து எடுத்தேன். கை ஈரம் அதில் பட்டது. கார் மூடியில் விரித்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"முதலே தந்திருக்கலாம், மேட். தந்தால் நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

"வந்திருக்கமாட்டன்," என்றேன்.

தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

மனிசி வந்து சேர இன்னும் பதினொரு மாதம் எடுத்தது. அதுவரை மாதம் ஒரு ஞாயிறு அந்தப் பையைத் தூக்கினேன். வேறு மேடுகளுக்குப் போனோம். அடியில் கல் எடுக்கும்படி அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.