வாய்ஸ் போட்டு வரவேற்ற தொண்டி சுலைகா லாத்தா

சுலைகா லாத்தா மவுத்தாகிவிட்டார்... நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு தொண்டியில் அடக்கம். என் ஊரான மண்டபத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் நான் சொல்லச் சொல்ல அதுவே எழுதுகிறது, மருமகள் படித்துக் காட்டித் திருத்தித் தருகிறாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் செஸ் குரூப்பில் ஒரு காய் நகர்த்தினால், எதிராளி நாள் கணக்கில் யோசித்து அடுத்த காயை நகர்த்தலாம். ஒரு காலத்தில் தபால் கார்டில் ஆடியதை இப்போது போனில் ஆடுகிறோம். புதிதாக வருகிறவர்களை வரவேற்பது லாத்தாவின் வேலை.

வயதில் எனக்கு மகள் மாதிரி. ஊரே லாத்தா, அதாவது அக்கா, என்றதால் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. பேசும்போது மட்டும் தாயி.

ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தபோது, படகு வரும்வரை மேனேஜரும் மெக்கானிக்கும் செஸ் ஆடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான் என் ஆட்டம். மகன் போன் வாங்கித் தந்து இந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

புதிதாக வருகிறவர் பேர், ஊர், எப்படி ஆடப் பழகினார் என்று நாலு வரி எழுத வேண்டுமாம். நான் எழுதவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. பலகைக்குக் கீழே இரண்டு கை குலுக்குகிற மாதிரி ஒரு படம். எதிரே உட்கார்ந்தவருக்கு ஒரு வணக்கம் வைப்பதுதானே முறை... அமுக்கினேன். பதில் வணக்கம் வரவில்லை. கவனிக்கவில்லை போல என்று, காய் நகர்த்தும்போதெல்லாம் அமுக்கினேன்.

அந்தப் படத்துக்கு, "ஆட்டத்தை டிரா பண்ணிக்கொள்வோமா" என்று அர்த்தமாம்.

எதிராளி கோயம்புத்தூர்க்காரர். குரூப்பில் பெரிது பெரிதாக என்னமோ எழுதினார், வேறு சிலரும் எழுதினார்கள். என் குதிரை போன போக்கைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு படம் போட்டேன்.

அவர்கள் எழுதியது, முதல் காயிலேயே டிரா கேட்டுக் கெஞ்சுகிற ஆளைத் தூக்குங்கள் என்று. கும்பிடு போட்டதும் கோபம் இன்னும் கூடிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே என்னைத் தூக்கிவிடுவதாக முடிவாகியிருந்ததாம்.

அப்போதுதான் ஒரு வாய்ஸ் வந்தது. எனக்கு மட்டும்.

"அண்ணே, நான் தொண்டி சுலைகா பேசுறேன். அந்தக் கை குலுக்குற படத்த எதுக்கு அமுக்கிக்கிட்டே இருக்கீக?"

"ஒக்காந்ததும் ஒரு வணக்கம் வைக்க வேணாமா தாயி?"

அடுத்து வந்த வாய்ஸில் வெறும் சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு அந்தப் படத்தின் அர்த்தத்தைச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, குரூப்பில் எழுதியிருந்ததைப் படித்தேனா என்று கேட்டார். கண்ணாடி கையில் இல்லை என்றேன்.

"சரிண்ணே. கண்ணாடி வாரப்ப வரட்டும். அதுவரைக்கும் ஒங்களுக்கு எல்லாத்தையும் நான் பேசியே அனுப்புறேன்."

அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. கடைசிவரை இல்லை.

குரூப்பிலும் எழுதாமல் வாய்ஸாகவே போட்டார். அதனால்தான் என்னாலும் கேட்க முடிந்தது. "அவுக டிரா கேக்கல. வணக்கம் வச்சிருக்காக. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் வேணாம் வேணாம்னு தள்ளியிருக்கீக."

அப்புறம் கோயம்புத்தூர்க்காரர் குரல்... "வணக்கமுங்க." அவ்வளவுதான். ஆட்டத்தில் மட்டும் என்னைச் சும்மா விடவில்லை, ராணியை வெட்டித்தான் அனுப்பினார்.

அன்றிலிருந்து, எழுத வேண்டாம், பேசினாலே போதும் என்று குரூப்பில் வழக்கம் மாறியது. எனக்காக மாற்றியதாக லாத்தா யாரிடமும் சொல்லவில்லை. தட்டித் தட்டி விரல் வலிக்கிறது என்று தன்மேல் போட்டுக்கொண்டார்.

ஒரு தடவை எங்கள் ஊர் அகதிகள் கேம்பிலிருந்து ஒருவர் சேர்ந்தார். சொந்த ஊர் எது என்றதும் பேச்சு நின்றுவிட்டது. லாத்தாதான் உள்ளே புகுந்தார். "ஊரெல்லாம் மெதுவாச் சொல்லலாம். ஒங்களுக்குக் கருப்பா, வெள்ளையா? அத மட்டும் சொல்லுங்க." அவர் கருப்பு என்றார். இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறார்.

லாத்தா ஆட்டத்தில் படுநிதானம். நாள் முழுக்க யோசித்துவிட்டு, "நண்டு கழுவிக்கிட்டு இருக்கேன், பொறுங்கண்ணே" என்று வாய்ஸ் வரும். நான் ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தேன். "தொண்டிக்காரி மண்டபத்தாருகிட்டத் தோத்துட்டான்னு வெளிய சொல்லிப்புடாதீக" என்றார். இதுவரை சொல்லவில்லை தாயி.

முகம் பார்த்ததே இல்லை. நேற்று அந்த வீட்டு வாசலில் யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். செஸ் ஆடுகிற ஆள் என்று சாவு வீட்டில் எப்படிச் சொல்வது...

அவருடைய தம்பி வந்து யாரைப் பார்க்கணும் என்றார். மண்டபத்திலிருந்து வருகிறேன் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐஸ் பேக்டரி அண்ணந்தானே? ஒங்க கொரல் இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஏன் வெளிய நிக்கிறீக, வாங்க."

மையவாடிக்கும் கூடவே கூட்டிப்போனார். நானும் மண் போட்டேன்.

குரூப்பில் உள்ளவர்களுக்கு ஒன்று. எனக்கும் லாத்தாவுக்கும் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. காய் நகர்த்த வேண்டியது அவர். நேரம் தீர்ந்ததும் நான் ஜெயித்ததாகத் தானாக விழும்...

யாரும் வாழ்த்துப் போட்டுவிடாதீர்கள்.

நல்லபடியாகப் போய்ச் சேர் தாயி.