இராஜமாணிக்கம் மெத்தை பார்க்கிறார்

மெத்தையில் படுப்பதற்கு முன் இராஜமாணிக்கம் பைகளைக் காலி செய்துவிடுவார். சாவிக்கொத்து, சில்லறை, பேனா, செல்போன், இருமல் மிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கடைக்காரப் பெண்ணின் மேசைமேல் வந்து உட்காரும். பிறகு பெல்ட். பிறகு ஷூ. சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் செருகிவிட்டு, கூட வந்த என்னையும் மேலும் கீழும் பார்ப்பார்.

"ஏனுங் அம்மிணி, தீப்பெட்டி கீப்பெட்டி வெச்சிருந்தா வெளியிலயே வெச்சிருங்க."

நான் எதற்குத் தீப்பெட்டி வைத்திருக்கப் போகிறேன்? கேட்டுப் பயனில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை, காலையில் வாசலில் பையைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போன மனிதர். நெருப்பு இல்லை, இரும்பு இல்லை, அவசரம் இல்லை என்று மூன்றையும் உறுதி செய்துகொள்ளாமல் அவரால் ஒரு காரியத்தில் இறங்க முடியாது. கோயிலுக்குள் நுழையும்போதும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

ஊட்டி மலையில், கேத்தியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவரும் அவருடைய கேரட் பாத்தியும்தான். தொழிற்சாலையில் அவர் சோதனைப் பிரிவில் இருந்தார். அங்கிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது இரண்டு வார்த்தைகள்: 'பாஸ்', 'ரிஜெக்ட்'. முட்டைக்கோஸ், மினி பஸ், கல்யாண வீட்டுப் பாயசம், மகளுக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நான் பத்திரிகையில் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, "பாஸுங்க, ஆனா கடைசி பாரா ரிஜெக்ட்டு" என்றார். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மெத்தை வேட்டை தொடங்கியது அவருடைய மனைவி வேணியால். வேணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மேற்பார்வை செய்தால் போதும் என்றாலும் கரண்டியை வாங்கித் தானே கிளறுகிற ரகம். சில மாதங்களாக அவளுக்குத் தூக்கமில்லை. நடுராத்திரியில் எழுந்து போய்க் கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள் என்று இராஜமாணிக்கம் சுவரோரம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஒருநாள் மத்தியானம், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்து, சூடான விளிம்பில் கையை வைத்துவிட்டாள். மணிக்கட்டில் வளையல் போலத் தழும்பு. காயத்துக்குக் கட்டுப்போட்ட அன்று இராஜமாணிக்கத்தின் முகத்தில் நான் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். அண்டாவுக்குள்ளேயே விழுந்திருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

பயந்தாலும் மனிதர் மறுநாளே தீர்ப்பு எழுதிவிட்டார். குற்றவாளி மெத்தை. கல்யாணத்துக்கு வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை அது. மலையில் ஈரம் இறங்காத பஞ்சு கிடையாது. வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் எல்லார் வீட்டு மெத்தையும் மதில்மேல் ஏறிவிடும், அவர் வீட்டு மெத்தையும் ஏறும். அப்போது பார்த்திருக்கிறேன், நடுவில் ஒரு குழி, ஆளே படுத்திருப்பது போல.

"குளுருதாங்க அவளுக்கு எதிரி. பஞ்சு ஈரத்தை இழுத்துக்குது, அது அவ முதுகுல ஏறுது" என்றார். அந்த எதிரியோடு அவர் ஏற்கனவே போரில்தான் இருந்தார். தினமும் படுக்கும் முன் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, வேணியின் கால்மாட்டில் வைப்பார். காலையில் பார்த்தால் பை அவருடைய பக்கத்தில் கிடக்கும். தூக்கத்தில் தானே இழுத்துக்கொண்டுவிட்டதாக அவருக்குக் குற்ற உணர்ச்சி. "பாவமுங்க, குளுரு அவளுக்கு, பையி எனக்கு." அதனால் இரண்டாவது பை வாங்கினார். விடிந்ததும் இரண்டும் அவர் பக்கம் வந்திருந்தன. "நான் எவ்வளவு சுயநலக்காரன்னு பாருங்க" என்று என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கும் அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது.

என்னிடம் கார் இருக்கிறது, மறுத்துப் பேச வாய் இல்லை. ஆகவே குன்னூர், ஊட்டி என்று கடை கடையாக ஓட்டினேன். எல்லாக் கடையிலும் ஒரே முறைதான். பைகளைக் காலி செய்வார். மெத்தைமேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். முகர்வார். அப்புறம்தான் படுப்பார். அதுவும் தன்னைப் போல இல்லை, வேணியைப் போல. இடப்பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்தபடி, முழங்காலை மடக்கி, உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, விளிம்பில் ஒட்டிக்கொண்டு. மீசையும் குரங்குக் குல்லாவுமாக ஒரு கனத்த மனிதர் அப்படிச் சுருண்டு கிடப்பதைப் பார்த்து ஊட்டிக் கடையில் ஒரு குழந்தை அழுதுவிட்டது.

"கல்யாணமானதுலேருந்து இப்படித்தான் படுக்கறா. ஒரு நாள் மாறுனதில்லீங்க. கண்ணை மூடிட்டு வரைஞ்சு காட்டுவேன்."

அந்தக் கர்வத்தில் தப்பு சொல்ல முடியாது. மனைவி எப்படித் தூங்குகிறாள் என்று கவனித்துப் பார்த்த கணவர்கள் எங்கள் தெருவில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் வந்து சேர்ந்தது குன்னூரில் ஜெஸிந்தாவின் கடைக்கு. கடை முதலாளி கோயம்புத்தூரில். இங்கே எல்லாம் ஜெஸிந்தாதான். தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த பெண். வருகிறவர்களின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் மெத்தையில் படுக்க விடுவாள். "ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கல்லு மேல படுத்தாலும் மெத்துனுதான் சார் இருக்கும்" என்றாள். இராஜமாணிக்கம் முதலில் முறைத்தார். பிறகு அந்த விதிக்கு 'பாஸ்' போட்டார்.

"எப்படிப் படுப்பீங்க சார்? பக்கவாட்டுலயா, மல்லாக்கவா, குப்புறயா?"

"நான் எப்படியும் படுப்பேன். மெத்தை வேணிக்கு. ஒருக்களிச்சு."

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும், மல்லாந்து படுப்பவர்களுக்கு இடுப்பு அமுங்கவே கூடாது, குப்புறப் படுப்பவர்களுக்கு இன்னும் கெட்டியாக வேண்டும் என்று ஜெஸிந்தா சொல்லச் சொல்ல, சகாவின் அறிக்கையைக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் மூலையில் இருந்த ஒரு மெத்தையைக் காட்டினாள். கூலிங் ஹைபிரிட். அடியில் தனித்தனித் துணிப்பையில் தைத்த ஸ்பிரிங், அதன்மேல் ஜெல் கலந்த நுரை, தொட்டால் சில்லென்று ஓர் உறை. உடம்புச் சூட்டை வாங்கி வெளியே விட்டுவிடுமாம்.

இராஜமாணிக்கம் கடை அதிரச் சிரித்தார். "ஏனுங் கண்ணு, இந்தக் குளுருல கூலிங் மெத்தையா? ஐஸ் பொட்டிக்குள்ள ஃபேன் போட்ட கணக்கா இருக்குது. ரிஜெக்ட்டு!"

"ஓரமும் ஸ்டிராங் சார். விளிம்புல படுத்தாலும் சரியாது."

"ஓரத்துல எவனுங்க படுக்கறான்? அதுவும் ரிஜெக்ட்டு" என்றார், கடை கடையாக விளிம்பில் படுத்துக் காட்டியவர்.

தடிமனான மெமரி ஃபோம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மாவுபோல உள்வாங்கிக்கொண்டு, சூட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்றாள் ஜெஸிந்தா. "அதுதானுங்க வேணும்!" என்று கைதட்டினார். ஆனால் அவள் பில் புத்தகத்தை எடுக்கவில்லை. படுக்கப் போகிறவர் வந்து படுத்துப் பார்க்காமல் தரமாட்டாளாம். ஜீப்பில் கயிறு கட்டி மலையேற்றிய மெத்தை பிடிக்கவில்லை என்றால் திருப்பி இறக்கக் கோயம்புத்தூரில் யாரும் பதில் சொல்வதில்லை, திட்டு வாங்குவது அவள்தான்.

"அவ படுக்கறது எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் சார். அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அந்தச் சனிக்கிழமை வேணி வந்தாள். கடையில் படுப்பதா என்று கூசினாள். ஜெஸிந்தா கதவைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, "நாமதாங்க்கா இருக்கோம்" என்றாள். வேணி ஸ்வெட்டரைக் கழற்றும்போது நெற்றி வியர்த்திருந்தது. வெளியே மேகம் ரோட்டில் இறங்கிக் கிடந்த நேரம்.

"உன்ற மாதிரியே படு வேணி. இடப்பக்கம், சுவத்தைப் பாத்து" என்று இராஜமாணிக்கம் மெமரி ஃபோமைத் தட்டிக் கொடுத்தார். வேணி சொன்னபடியே விளிம்பில் சுருண்டாள். அச்சு அசல். அவர் எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆனால் வேணி உடனே எழுந்துவிட்டாள். "புழுங்குதுங்க" என்றாள்.

"குன்னூர்லயா?"

அவள் மூலைப் பக்கம் நடந்தாள். கூலிங் மெத்தையின் உறைமேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு தழும்பு விழுந்த மணிக்கட்டை வைத்தாள். "இது என்னங்க இப்படி ஜில்லுனு இருக்குது?" என்று கேட்டவள், யாரும் சொல்லாமலே ஏறிப் படுத்தாள். விளிம்பில் இல்லை. நடுவில். மல்லாந்து, இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்து, காலை நீட்டி, தொட்டிலை விட்டு இறக்கிய குழந்தைபோல.

இராஜமாணிக்கத்துக்குக் குழப்பம். "நீ ஒருக்களிச்சுத்தான படுப்பே?"

"உங்க பக்கத்துல வேற எப்படிங்க படுக்கறது?" வேணி கண்ணைத் திறக்காமலே பேசினாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் குத்தியது. "நடுவுல நீங்க. குழியும் உங்களுது. உருண்டா உங்க மேல வந்து விழுவேன்னு விளிம்பைப் பிடிச்சிட்டுப் படுப்பேன்."

"குளுரு...?"

"எனக்கேதுங்க குளுரு? அது நிக்கற வயசு வந்தாச்சு. ராத்திரியானா உடம்பு திகுதிகுன்னு எரியுது. அதனாலதான் எந்திரிச்சுப் போயி உக்காருவேன்."

பனி கொட்டும் விடியலில் அவள் கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, ஸ்வெட்டர் இல்லாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சூரியனைக் கும்பிடுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

இராஜமாணிக்கம் குல்லாவை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "அப்ப அந்த வெந்நிப் பையி?"

"நாந்தாங்க உங்க பக்கம் தள்ளுவேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையுந்தான்."

ஜெஸிந்தா சிரிப்பை அடக்கத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அத்தனை ஆசையா ஊத்திக் கொண்டாறீங்க. துணியெல்லாம் சுத்தி. எப்படீங்க வேண்டாம்கறது?"

சொல்லிக்கொண்டே அவள் தூங்கிவிட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு வந்தவள், கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில், வாயை லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டையோடு தூங்கினாள். எத்தனை நாள் தூக்கமோ. ஜெஸிந்தா போய்க் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு வந்தாள்.

இராஜமாணிக்கம் வேணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ரசமட்டத்தைத் தேடவில்லை, முகரவில்லை. ஆனால் கை பழக்கத்தில் பைக்குள் போனது. சாவிக்கொத்து ஓசைப்படாமல் இருக்க உள்ளங்கையில் பொத்தி எடுத்து மேசைமேல் வைத்தார். சில்லறை, பேனா, செல்போன், இருமல் மிட்டாய். பெல்ட். ஷூ. குல்லாவையும் ஸ்வெட்டரையும் கழற்றினார். வெறுங்காலில் மெத்தையின் மறுபக்கம் சுற்றிப் போய், வேணியின் விரித்த விரல்கள் மடங்கிவிடாதபடி பார்த்து, கடைசி விளிம்பில் மெதுவாகச் சாய்ந்தார். அவளுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்து, முழங்காலை மடக்கினார். ஒரு கையால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். சரியவில்லை. அந்தக் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.