பாப்பாவுக்கு எட்டும் தூரம்

எங்கள் அப்பா எங்களை எங்கும் அழைத்துப் போனதில்லை. கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விடுவார். மற்ற நாட்களில் கிடைத்த கூலிக்குப் போவார். திருவிழா என்றாலும் அம்மாதான் எங்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வேலை விட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம எல்லாரும் அணை பாக்கப் போலாம். கீழ இருந்து இல்ல, மலையில ஏறி மேல இருந்து" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்தவளுக்கு ஆறு. பாப்பாவுக்கு மூன்று முடிந்திருந்தது. கோமுகி அணை எங்களுக்குப் பக்கம்தான், அதன் கரையில் ஓடி விளையாடியிருக்கிறோம். ஆனால் மலைச்சரிவில் ஒரு பாறை உண்டு, அங்கே நின்றால் மலைகளுக்கு நடுவே தண்ணீர் மொத்தமும் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருந்தேனே தவிர, போனதில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

சேலத்திலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. வரும்போது எனக்கும் அடுத்தவளுக்கும் மிட்டாயும், பாப்பாவுக்கு மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு கவுனும் வாங்கி வந்திருந்தாள். பாப்பா கவுனை வாங்கிக்கொண்டது, அத்தையிடம்தான் போகவில்லை. கூப்பிட்டால் அம்மாவின் புடவைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது.

பாறைக்குப் போவதைப் பற்றி அன்று எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். மலையில் ஆடு மேய்க்கிறவரிடம் அப்பா வழி விசாரித்துவிட்டு வந்திருந்தார். மேலே பெரிய பாறைக்குப் போக ஒரு செங்குத்தான வழி, அது அரைநாள் ஆகும். கீழே சின்னப் பாறைக்கு ஆட்டுத்தடம், குழந்தைகூட நடந்துவிடும்.

"ரொம்ப தூரம் வேணாம்டா தம்பி" என்றாள் அத்தை. "கொழந்தைக்குக் கால் வலி எடுத்தா அழும்."

"காலையிலயே கெளம்பிட்டா வெயிலும் கம்மி. மதியான பஸ்ஸுக்கு எறங்கிடலாம்" என்றார் மாமா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அந்த அளவு நடந்தா பாப்பா தூங்கிடுமா?"

பெரியவர்கள் பேச்சில் என்னைக் கேட்டார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சோறும் தின்னுட்டா ஒடனே தூங்கிடும்பா. தோள்ல போட்டுக்கினு காதைத் தடவணும். அப்பறம் எழுப்புனாகூட எழுந்துக்காது."

"எந்தக் காதும்மா?" என்று அத்தை கேட்டாள்.

"இடது காது. இப்பிடி, மெதுவா." அவள் காதிலேயே தடவிக் காட்டினேன். அவள் என் விரலையே கவனித்தாள்.

அம்மா ஓரமாக உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை பேசாதவள், "பெரிய பாறைக்கே போலாம்" என்றாள்.

"அது தூரம்" என்றார் அப்பா.

"தூரமா இருந்தா இன்னா? நான் தூக்கிக்கினு வரேன்."

அப்பா மாமா பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்கும் என்னைப்போல மலை உச்சிவரை ஏற ஆசை என்று நினைத்து, "ஆமாம்பா, பெரிய பாறை" என்று நானும் கத்தினேன். சின்னப் பாறை என்றே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அம்மா புளிசோறு கிளறிக் கட்டினாள். பாப்பா ரோஸ் கவுன் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தது. கல்லைப் பொறுக்கும், எறும்பைப் பார்த்து நிற்கும், மறுபடி ஓடும். அப்பா அதன் பின்னாலேயே குனிந்து, விழுந்தால் பிடிப்பதற்குக் கைகளை நீட்டியபடி வந்தார். எங்கள் இருவருக்கும் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

பாறையில் ஏறி நின்றோம். மழை முடிந்திருந்த சமயம். நிரம்பிக் கிடந்த தண்ணீரில் மலையின் நிழல் பாதிவரை விழுந்திருந்தது. கரையில் போகிற மாடுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"யாரு இவ்ளோ தண்ணி ஊத்துனாங்க?" என்று பாப்பா கேட்டது. மாமா சிரித்துவிட்டார். அத்தை ஒரு பிஸ்கட்டை நீட்டி மடியைத் தட்டினாள். பாப்பா என்ன நினைத்ததோ, போய் அந்த மடியில் உட்கார்ந்துகொண்டது. அத்தை அசையாமல், மூச்சுவிடக்கூடப் பயந்தவள்போல இருந்தாள். அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. பிறகு பாப்பாவைக் கூப்பிட்டுச் சோறு ஊட்டினாள். அது போதும் என்று முகத்தைத் திருப்பிய பிறகும், "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டிக்கொண்டே இருந்தாள். அவள் சாப்பிடவில்லை.

இறங்கும்போது பாப்பாவை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டாள். பத்தடி நடப்பாள், ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவாள். கால் வலிக்கிறது என்றாள். "பஸ் போயிடும்மா, சீக்கிரம் வா" என்று நான் திரும்பித் திரும்பிக் கத்தினேன். பிறகு பொறுக்கமுடியாமல் ஏறிப்போய்ப் பாப்பாவை அவளிடமிருந்து வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். காதைத் தடவினேன். தடம் முடிவதற்குள் தூங்கிவிட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் வந்ததும் அத்தை, "குடு கண்ணு" என்று கைநீட்டினாள். தூக்கம் கலையாமல் மாற்றிக்கொடுத்தேன். அவர்கள் ஏறிக்கொண்டார்கள். அப்பா ஜன்னல் வழியாக ஒரு துணிமூட்டையைக் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது.

"நாம ஏறலையாப்பா? பாப்பா?"

"அத்தை வூட்டுல நாலு நாள் இருந்துட்டு வரும்" என்றார் அப்பா. பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாப்பா சேலத்திலேயே வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. அத்தையும் மாமாவும் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், படிக்கவைத்தார்கள், இன்று அது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பொங்கலுக்கு வரும்போது எங்கள் அம்மாவை முறைப்படி "அத்தை" என்று கூப்பிடும். அம்மாவும் "வாம்மா" என்று சாதாரணமாகச் சொல்வாள்.

அன்று அம்மா பஸ் நிற்குமிடம்வரை வரவில்லை. தடம் முடிகிற இடத்திலேயே நின்றிருந்தாள். நான் ஓடிப்போய், "பஸ் போயிடுச்சும்மா. நீ மெதுவா வந்ததால பாப்பாவுக்கு டாட்டாகூடச் சொல்லல" என்றேன்.

"போயிடுச்சா?" என்றாள்.

குனிந்து அடுத்தவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரியவளை எதற்குத் தூக்குகிறாள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. "வுடும்மா, வலிக்குது" என்றேன். அவள் விடவில்லை. வீடுவரைக்கும் விடவில்லை. தொலைந்துபோக இங்கே கூட்டமா இருக்கிறது, இந்த அம்மா எதற்கு இப்படிப் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, ஆளில்லாத அந்தச் சாலையில் நான் அவள் கூடவே ஓடினேன்.