இரண்டு பாகம் இடைவெளி

அக்கராயனில் நாங்கள் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குச் சைக்கிளில் பாய்வதற்குக் கட்டிய மேடுகள் பங்கர் மண்ணாலானவை. சண்டை நடந்த அந்த வருடங்களில், குண்டுக்குப் பதுங்கவென்று பங்கர் வெட்டாத வளவு இல்லை. வெட்டிய மண் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும். குளக்கட்டுக்குக் கீழே, ஆட்கள் விட்டுப்போன வளவு ஒன்றில்தான் மேடுகளைக் கட்டினோம். வீட்டுக்குக் கூரையில்லை. பங்கர் மட்டும் வாய் திறந்தபடி இருந்தது. அதற்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இருவரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

இருவர் என்பது நானும் என் கூட்டாளியும். என் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து அங்கே வயல் செய்தது. அவன் கொக்கிளாய்க் கடற்கரையிலிருந்து தாயுடன் இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை. நான் "ஆமா" என்றால் அவனுக்குச் சிரிப்பு.

"வன்னிச் சோறு தின்னிறாய், வாயிலை இன்னும் ஓம் வரேல்லை."

"நீ மட்டும்? மண்வெட்டியத் துடுப்பு மாதிரிப் பிடிக்கிற."

ஏறும் மேட்டை நான் கட்டினேன். கிறவல் மண்ணையும் களிமண்ணையும் கலந்து, படைபடையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, பாலைக் கட்டையால் இடித்தேன். உச்சியில் சைக்கிள் சில்லு மேல்நோக்கிக் கிளம்புவதற்காக மண்வெட்டியின் முதுகால் தேய்த்து வளைவு வைத்தேன். வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கால் மூடினோம். இறங்கும் மேடு அவனுடையது. அதன் சரிவு நீளமாக இருந்தால்தான் சில்லு மண்ணைத் தடவிக்கொண்டு இறங்கும்; இல்லாவிட்டால் குத்தும்.

இரண்டு மேட்டுக்கும் இடையில் இரண்டு பாகம் விடச் சொன்னான். எங்கள் வீட்டில் பாகம் என்றால் பங்கு. மண்ணை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறான் என்று நினைத்துப் பிரித்தும் விட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு, என்னை நிலத்தில் மல்லாக்கக் கிடத்தி, கைகளை விரிக்கச் சொன்னான். ஒரு விரல்நுனியிலிருந்து மற்ற விரல்நுனிவரை ஒரு பாகம். கடலில் கயிறும் ஆழமும் அப்படித்தான் அளப்பார்களாம். இரண்டு தரம் என்னைக் கிடத்திக் கோடு போட்டான்.

சைக்கிள் அவனுடைய அண்ணனுடையது. அண்ணன் கொக்கிளாயில் இருந்தபோது ஒரு பின்னேரம் களப்புக்கு வலை பார்க்கப் போனவர், திரும்பவில்லை. அவருக்கு, செத்தவர்களுக்குக் கொடுக்கும் ஆத்துமப் பூசை ஒன்று கொடுக்கச் சொன்ன பெண்களுடன் தாய் கதைப்பதை நிறுத்திக்கொண்டார். சைக்கிளின் சங்கிலிக்குத் தானே எண்ணெய் விடுவார். "அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது? ஒரு கீறல் விழப்படாது" என்பார். அவரது காத்திருப்பு முழுவதும் அந்தச் சைக்கிளில்தான் சாய்ந்து நின்றது. அது எங்களுக்குத் தெரியும். பாய்வதற்கு முன் மட்காட்டைக் கழற்றிவைத்து, பாய்ந்து முடிந்ததும் துடைத்துப் பூட்டுவோம்.

மாரி மழை இறங்கும் மேட்டைக் கரைத்தது. நான் வயலில் நின்ற நாட்களில் அவன் தனியாகவே அதைத் திரும்பக் கட்டினான். முதல் பாய்ச்சலிலேயே முன்சில்லு சரிவைத் தொடாமல் மேட்டின் முகத்தில் குத்தியது. அவன் உதடு கிழிந்து எழும்பினான். முன்சில்லைப் பிடிக்கும் கவை உள்ளே மடிந்திருந்தது.

"தூரம் கூட்டினியா?"

"இல்லையடா. ரெண்டு பாகம்தான். கயிறு பிடிச்சு அளந்தனான்."

நான் இடைவெளியில் படுத்துக் கைகளை விரித்தேன். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சாண் மிச்சமிருந்தது. அவன் அளந்த கயிறு கொக்கிளாயிலிருந்து கொண்டுவந்த வலைக்கயிறு, பாகத்துக்கொரு முடிச்சு. பங்கர் வாய்க்கு அருகில், யாரோ இரண்டு தரம் கைவிரித்துக் கிடந்து எழுந்துபோன இடம்போல அந்த இடைவெளி எனக்குத் தெரிந்தது. நான் உடனே எழும்பிவிட்டேன்.

சத்தம் கேட்டுத் தாய் வந்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"இதாலையோ அளந்தனீ?"

"ஓம் அம்மா."

"இது உன்ரை அண்ணன்ரை கைப்பாகம். வீட்டிலை நீளக்கை அவனுக்குத்தான்."

மகனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கயிற்றை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தார். அவன் விரல்கள் முடிச்சுவரை போகவில்லை. உதட்டு இரத்தம் கயிற்றில் பட்டது. அவர் திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றோம். அவர் விரல்நுனிக்கும் முடிச்சுக்கும் இடையில் குறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்தான். நீயும் எட்டிப் பிடிச்சிடுவாய்" என்றார் மெதுவாக. "சைக்கிளை இனி நீயே வைச்சிரு. எப்பிடியெண்டாலும் ஓடு."

அடி விழுந்திருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்கமாட்டான்.

"அண்ணா வந்தா?" என்று கேட்டான்.

தாய் கயிற்றைச் சுற்றிக்கொண்டு போனார்.

விடிந்ததும் சைக்கிளைத் திருத்தவென்று மாங்குளத்துக்கு நடந்தோம். கவையைப் பழையபடி, துளி வித்தியாசம் தெரியாமல் எடுத்துத் தரவேண்டுமென்று அவன் கடைக்காரரிடம் மன்றாடினான். அவர் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தித் தந்தார். நல்ல வேலை. கீறலுக்குக்கூடக் கறுப்பு வர்ணம் பூசினார்.

திரும்பும்போது எனக்குக் கால் உளைந்தது. ஏறி ஓடு, நான் பின்னால் இருக்கிறேன் என்றேன். தெருவில் எங்களைத் தவிர ஒருவருமில்லை.

"விசரே உனக்கு? அண்ணாவைக் கேக்காமல் எப்பிடி ஓடுறது?" என்றான்.

அக்கராயன்வரை அதை உருட்டிக்கொண்டே வந்தான்.