ஆரோக்கியசாமிக்குக் காது கேட்கவில்லை

பூந்தமல்லி ஆரோக்கியசாமிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முதலில் சொன்னவர் அவர் மனைவி தெரசா. ஆரோக்கியசாமி ஆவடி தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். அந்த இரைச்சல்தான் காதைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். ஓய்வு பெற்றபின், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. ஒருநாள் குக்கர் விசில் மேல் விசில் அடித்துப் பருப்பு தீய்ந்தபோதும் பக்கத்து அறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தெரசா அவரைக் காது டாக்டர் ஜெயப்பிரியாவிடம் அழைத்துப் போனார். பரிசோதனையில் மிக மெல்லிய சத்தத்துக்கும் ஆரோக்கியசாமி கையைத் தூக்கினார்.

"காது நல்லாத்தான் இருக்கு. எப்பக் கூப்பிட்டா கேக்கல?" என்றார் டாக்டர்.

தெரசா யோசித்தார். "கையில போன் கீதுல்ல, அப்பத்தாம்மா."

"அரை மணி நேரம் பாப்பேன்," என்றார் ஆரோக்கியசாமி அவசரமாக. டாக்டர் அவருடைய போனை வாங்கி, அதிலேயே பார்த்த நேரக் கணக்கை எடுத்துக் காட்டினார். நாளுக்கு ஒன்பது மணி நேரம். எல்லாம் துருப்பிடித்த பூட்டையும் கத்தியையும் தேய்த்துப் பளபளப்பாக்கும் வீடியோக்கள்.

"குறைக்கணும்னு நினைச்சதுண்டா சார்?"

"அந்த வீடியோ ஆப்பை நாலு வாட்டி அழிச்சேம்மா. மறுபடி போட்டுக்கினேன். போன் இல்லாங்காட்டி கை பரபரன்னு கீது." குரல் தாழ்ந்தது. "இவளுக்குத் தெரியாம பாத்ரூமுக்கும் எட்த்துகினு போறேன்."

தெரசா திகைத்தார். "அய்யோ, வயித்துக் கோளாறுன்னு நான் மாதாகிட்ட வேண்டிகினேனே!"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஒன்பது மணி நேரத்தை மட்டும் வச்சு சொல்லல சார். விட நினைச்சும் முடியல, மறைக்கிறீங்க, கூப்பிட்டாலும் தெரியல. இது அடிமையாகுற அறிகுறி மாதிரி இருக்கு. மனநல டாக்டரைப் பாருங்க, அவங்க விசாரிச்சு உறுதியாச் சொல்வாங்க."

பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியசாமியின் முகம் சுண்டியிருந்தது. "நான் இன்னா பைத்தியமா தெரசா?"

"காது நல்லா கீதுன்னுட்டாங்கல்ல? இனிமே நான் திட்றது பூரா உனுக்குக் கேக்கும். வாய்யா," என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

மனநல டாக்டர் இரண்டு முறை பேசிவிட்டு, ஆரோக்கியசாமி போனுக்கு அடிமையாகிவிட்டார் என்றே உறுதி செய்தார். அவர் சொன்னபடி, தினமும் மதியத்துக்குமேல் போன் பீரோவுக்குள் போனது. முதல் வாரம் எரிந்து விழுந்தார், பால்காரரிடம்கூடச் சண்டை. பிறகு மெல்ல தெரசாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். தொழிற்சாலைக் கதைகளை முதல்முறையாக அவரிடம் சொன்னார்.

போன ஞாயிறு சாயங்காலம், தெரசா மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பீரோவைத் திறந்து மூன்று மணி நேரம் பார்த்துவிட்டார். தெரசா திரும்பியதும் அவரே வாசலுக்கு வந்து சொன்னார்.

"சொன்னியே, அது போதும்," என்று செருப்பைக் கழற்றினார் தெரசா. "உலை வைக்கறேன். வந்து அரிசி களைஞ்சு குடு."