அலுமாரிக்குள் சிவப்புப் புள்ளி

லண்டனுக்குப் புறப்பட்டபோது ஊரில் ஆளுக்கொரு எச்சரிக்கை சொன்னார்கள். சின்ன மாமி சொன்னதுதான் சுருக்கமானது: "வெள்ளைக்காரனை நம்பினாலும் நம்பு, எங்கட ஆக்களை நம்பாதை." வன்னியிலிருந்து கொழும்பைத் தாண்டி வந்தவள் நான். அதை இலேசாக எடுக்கவில்லை.

லண்டனின் மனோர் பார்க்கில் எனக்குக் கிடைத்த அறை யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரின் வீட்டு மாடியில் இருந்தது. கணினி வலையமைப்பில் முதுகலைப் படிப்பு, மிச்ச நேரத்தில் சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட். இரண்டுக்கும் ஒரே ரயில். என்னோடு படித்த ஒருத்தி இடையில் வீடு மாறப்போய், தேடி அலைந்ததில் ஆய்வறிக்கையையே கோட்டைவிட்டிருந்தாள். ஆகவே என் அறிக்கையைக் கொடுத்து முடிக்கும்வரை இந்த அறை கைவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் என் ஒரே கணக்கு.

அறையில் கட்டில், மேசை, சுவரோடு பதித்த ஓர் அலுமாரி. அதன் கதவில் மரச் சட்டங்களுக்கிடையே மெல்லிய இடைவெளிகள். பெரிய பூட்டு.

"பழைய சாமான் பிள்ளை. அதைப் பாவிக்க ஏலாது" என்று முதல் நாளே அன்ரி சொல்லியிருந்தார்.

சந்தேகத்தை நான் ஒழுங்காகவே வளர்த்தேன். ஒன்று, வேலையால் திரும்பி வரும்போது நான் மூடிவிட்டுப்போன யன்னல் திறந்திருந்தது. இரண்டு, கதிரை இடம் மாறியிருந்தது. மூன்று, அலுமாரிக்கு முன்னால் கார்ப்பெற்றில் இளமஞ்சள் பொட்டுகள். குழாய் ஒழுகுகிறதோ என்று கூரையைப் பார்த்தேன், கூரை காய்ந்திருந்தது. மாடியின் மற்ற அறையில் அன்ரியின் கணவர், அங்கிள், நோயாளியாகக் கட்டிலோடு கிடந்தார், தானாக எழும்ப முடியாது. மிஞ்சியது அன்ரி மட்டுமே.

பின்பு மார்கழி மாதத்தில் ஒருநாள், பின்நேரமே இருட்டிவிட்டபோது, விளக்கைப் போடாமல் கட்டிலில் சாய்ந்தேன். அலுமாரிச் சட்டங்களுக்கு நடுவே, அதுவரை இல்லாத ஒரு சிவப்புப் புள்ளி என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து உடுப்பைக்கூட குளியலறையில்தான் மாற்றினேன். வீட்டு வைஃபையில் என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று தேடினேன். அன்ரியின் போன், தொலைக்காட்சி, என்னுடையவை. வேறொன்றும் இல்லை. ஆனால் மெமரி கார்டில் பதியும் கமெரா வலையில் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். படித்தவளுக்கு நிம்மதி கிடைப்பது கஷ்டம். இடைவெளியை ஒட்டும் ரேப்பால் மூடினேன். அடுத்தநாள் வந்து பார்த்தால் ரேப்பைக் கழற்றி, அழகாக மடித்து, மேசையில் வைத்திருந்தது.

பொலிஸா, அன்ரியா, முதலில் யாரிடம் பேசுவது என்று யோசித்தேன். பொலிஸுக்குப் போனால் அறை போய்விடும். போகாவிட்டால்? கடைசியில் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, வழக்கம்போலப் புறப்பட்டுப்போய், மத்தியானத்துக்கு முன் திரும்பி வந்து என் அறைக் கதவைத் திறந்தேன்.

அன்ரி நின்றார். முழுகிய தலையில் துவாய். கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. அலுமாரி திறந்திருந்தது. உள்ளே பிள்ளையார், முருகன், அம்மன், ஒரு வேல். அம்மனுக்கு முன்னால் புத்தம்புதிய சிவப்பு மின்விளக்கு.

"வேலைக்குப் போகேல்லையே?"

"நான் இதைக் கமெரா எண்டு நினைச்சன், அன்ரி."

"கமெராவோ! உன்னை ஆர் படம் பிடிக்கிறது? நீ வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுறதையோ?"

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குறட்டை கீழ குசினி வரைக்கும் கேக்குது. வாயை மூடிக்கொண்டு ஆர் அப்பிடி விடுறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இது சாமியறை எண்டு ஏன் சொல்லேல்லை?"

"வீட்டு மோட்கேஜ் கடன் ஏறீட்டுது, அறையை விடத்தானே வேணும். கீழ கொண்டுபோய் வைச்சா, சாமியின்ர தலைக்கு மேல நாங்கள் நடக்கிறதோ? அங்கிளின்ர அறையில அவருக்கு வைச்ச கொமட். வேற எங்க வைக்கிறது?" அவர் செம்பை இறக்கி வைத்தார். "உனக்குச் சொன்னா, மாதத் துடக்கு நாளில எங்க போய்ப் படுப்பாய்? மீனைத் திண்டுட்டு எங்க வருவாய்? தெரியாமல் இருந்தா உனக்குக் குற்றமில்லை, பிள்ளை."

"உங்களுக்கு?"

"எனக்கு இருக்கு. அதுக்குத்தானே ஒவ்வொரு நாளும் முழுகித் தெளிக்கிறன்."

அதன்பிறகுதான் அவருடைய முகம் மாறியது. என்னையும் அம்மனையும் மாறிமாறிப் பார்த்தார். "இப்ப நீ கண்டுட்டாய். இனி உன்னை எப்பிடி இதுக்குள்ள வைச்சிருக்கிறது?"

இனி வீடு தேடுவது, முற்பணம், பாதி எழுதிய அறிக்கை. எல்லாம் வரிசையாக என் தலைக்குள் வந்து நின்றன.

"நான் ஒண்டும் காணேல்லை, அன்ரி" என்றேன். "நான் வேலைக்குப் போயிட்டன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே, சட்டத்தில் இடமிருக்கிறதா என்று பார்ப்பவர் போல. பிறகு சொன்னார்: "அப்ப சரி. குளிருது, தொப்பியைப் போட்டுக்கொண்டு போ."

ஷிப்ட் முடிகிற நேரம்வரை நூலகத்தில் இருந்தேன். திரும்பியபோது அன்ரிதான் கதவைத் திறந்தார்.

"வேலை எப்பிடி, பிள்ளை?"

"பரவாயில்லை, அன்ரி."

அலுமாரி பூட்டியிருந்தது. யன்னல் சாத்தியிருந்தது. தேநீர் ஊற்றக் கீழே வந்தேன். குசினித் தட்டின் உச்சியில் அம்மா அனுப்பிய கருவாட்டு டின் இருந்தது, இரண்டு பொலித்தீன் பைகளால் இறுக்கிக் கட்டியபடி. அதை நான் கட்டிலுக்குக் கீழே, சூட்கேசுக்குள், உடுப்புகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அன்ரியிடம் அதைப்பற்றி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்தநாள் சூட்கேசுக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.