ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு சாயல்

அந்த மருத்துவமனையில் எல்லாருக்கும் அவர் ‘எக்ஸ்ரே அக்கா’. இருபத்திரண்டு வருடமாக எலும்பில் மயிரிழை விரிசல் தேடிப் பழகிய கண். மதியச் சாப்பாடு முடிந்ததும், கட்டடத்துக்குப் பின்னால் களை மண்டிய காலி இடத்தில் கைபேசியும் கையுமாகக் குத்துக்காலிட்டுப் பட்டாம்பூச்சிகளைப் படமெடுப்பார்.

“எலும்பு சலிச்சுப்போய் பூச்சிக்குத் தாவிட்டா,” என்பார் வீட்டுக்காரர்.

மூன்று வருடப் படங்களை ஒருநாள் வரிசையாகப் பார்த்தபோது அவருக்குப் பொறி தட்டியது. ஓர் ஆரஞ்சு நிறப் பூச்சி. மழை மாதங்களில் எடுத்த படங்களில் சிறகின் அடிப்பக்கம் கண் கண்ணாகப் புள்ளிகள். குளிர் மாதங்களில் எடுத்தவற்றில் புள்ளியே இல்லை, அச்சு அசல் சருகு. மேல்பக்கம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுபோல இருந்தது.

“ரெண்டும் ஒரே இனம்தான்,” என்று, கைபேசியில் தான் சேர்ந்திருந்த பட்டாம்பூச்சி ஆர்வலர் குழுவில் எழுதினார். குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒரே வரியில் கதவைச் சாத்தினார்: “வேற வேற இனம்மா, பாத்தாலே தெரியுதே.”

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. களைச்செடியில் ஒரு பூச்சி முட்டையிடுவதைக் கண்ணால் பார்த்து, இலையோடு பதினான்கு முட்டைகளை எடுத்தார். பாதி, வீட்டுச் சமையலறையின் வெக்கையில். மீதி, ஏசி ஓயாமல் ஓடும் எக்ஸ்ரே அறையில்.

“பறந்து மெஷினுக்குள்ள போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு,” என்றார் பெரிய டாக்டர்.

முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்காரர் தினமும் இலை பறித்து வந்தார். வீட்டுப் பூச்சிகள் முதலில் வெளிவந்தன, ஏழும் கண்புள்ளியோடு. ஏசி அறையில் ஒன்று கூட்டுக்குள்ளேயே செத்துப்போனது. அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பல நாள் கழித்து மற்ற ஆறும் வந்தன: ஐந்து சருகு, ஒன்றில் மட்டும் மங்கலாக இரண்டு புள்ளி. அதுவும் இல்லை, இதுவும் இல்லை, நட்டநடுவில்!

அக்கா குழுவில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு மேலாளர் நேரிலேயே வந்தார். பூதக்கண்ணாடியில் அந்த ஒன்றையே வெகுநேரம் பார்த்தார்.

“நான் தப்பா சொல்லிட்டேம்மா.”

“வாயால சொன்னா பத்தாது சார், குழுவுல எழுதுங்க,” என்றார் வீட்டுக்காரர், அக்காவை முந்திக்கொண்டு.

அங்கேயே நின்று எழுதினார் மேலாளர். அதைப் படித்த ஒரு கல்லூரி ஆசிரியை தன் மாணவர்களிடம் பேச அக்காவை அழைத்தார். விடுப்புத் தாளில் ‘காரணம்’ என்ற இடத்தில், “கல்லூரியில் வகுப்பெடுக்க” என்று அக்கா கொட்டை எழுத்தில் எழுதினார். பெரிய டாக்டர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்.